நடக்க விடுங்க, பார்ப்போம்

என் அண்ணனும் நானும் பன்றிகளின் காலைப் பற்றி நாலு வருஷம் சண்டை போட்டோம். சொன்னால் சிரிப்பீர்கள். நிலத்துக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தங்கை உண்டு. நகைக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பம் எங்கள் கோயில் பங்கிலேயே நாலைந்து உண்டு. நாங்கள் மல்லுக்கட்டியது பன்றியின் பின்னங்காலுக்காக. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் சாந்தோம் கோயிலை ஒட்டிய தெருவில் குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பம். நான் மயிலாப்பூரில் பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் என்னைவிட நாலு வயது பெரியவன், மவுண்ட் ரோடில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவனுக்கு இடது கால் சூம்பிப்போய்விட்டது. அந்தக் காலுக்கு மட்டும் அடி உயர்த்தித் தைத்த ஷூ போடுவான். நடந்தால் ஒரு பக்கம் தாழ்ந்து தாழ்ந்து எழும்புவான். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் ஒற்றைக் காலாலேயே மிதித்து அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய்விடுவான். அதில் அவனுக்குப் பெருமை.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவிடவில்லை என்று சொல்வதுதான் சரி. மூன்று இடம் பார்த்தோம். மூன்றாவது இடம் ராயப்பேட்டையில். பெண் நன்றாக இருந்தாள், கேக் தந்தார்கள், காப்பி தந்தார்கள், அண்ணனும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அப்போது பெண்ணின் பெரியப்பா எழுந்து, "தம்பி, அந்தக் கிணத்தடி வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வாங்க, பார்ப்போம்" என்றார். அண்ணன் எழுந்தான். கிணற்றடி வரைக்கும் நடந்தான், திரும்பி வந்தான். பெரியப்பா எங்கள் அம்மா பக்கம் குனிந்து, "பிள்ளைங்களுக்கும் வருமோ?" என்று கேட்டார். அம்மாவுக்கு என்ன தெரியும்? "மாதா காப்பாத்துவா" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாயை மூடிக்கொண்டிருக்கிற ஜென்மம் இல்லை நான். "மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா, வண்டி மாடு பிடிக்க வந்தீங்களா?" என்று பெரிய மனுஷர் என்றும் பாராமல் கத்திவிட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். வீட்டுக்கு வந்தபிறகு அண்ணன், இனிமேல் எனக்கு இடம் பார்க்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அடுத்த வருஷம் கோயிலில் என் கல்யாண அறிவிப்பு ஓலையைத்தான் வாசித்தார்கள்.

அப்பா சாகும்போது பாலவாக்கத்தில் சவுக்கும் தென்னையுமாக ஒரு மணல் துண்டு விட்டுப்போனார். அப்போது பாலவாக்கம் என்றால் பட்டணத்தில் யாருக்கும் தெரியாது. திருவான்மியூர் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் நடைதான். அங்கே என்ன வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோழி வை என்றேன் நான். அண்ணன் சீமைப் பன்றி வாங்கி வந்தான். வெள்ளைத் தோல், நிமிர்ந்த காது, ஒரு ஆண், மூன்று பெட்டை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பங்கு ஜனங்கள் கறிக்கு அலைகிறார்கள், நாட்டுப் பன்றியில் கொழுப்பைத் தவிர ஒன்றும் இல்லை, நல்ல இனமாக நானே உண்டாக்கப்போகிறேன் என்றான். கறி விற்பது ஒரு சாக்கு. அவன் மனசில் இருந்தது இனம். ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதைவிட வேகமாக வளரவேண்டும். அதுதான் அவனுக்குப் பைத்தியம்.

சனிக்கிழமை தோறும் நான் போகவேண்டும், எழுதுவதற்கு. "பாப்பா, உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்பான். எனக்குப் பிள்ளைகள் இரண்டு பிறந்தபிறகும் நான் அவனுக்குப் பாப்பாதான். நீள நோட்டில் குட்டி பிறந்த நாள், தாய் எது, தகப்பன் எது, ஆறாம் மாத எடை. அவ்வளவுதான் கட்டம். ஆறாம் மாதம் எது அதிக எடை காட்டுகிறதோ அது இனத்துக்கு. மற்றதெல்லாம் கசாப்புக்கு. திங்கட்கிழமை காலையில் நான் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்துப் போனாலும் பள்ளிக்கூடத்தில் பக்கத்து நாற்காலி டீச்சர் ஜன்னலைத் திறந்து வைப்பாள். எல்லாம் என் தலையெழுத்து.

பிறந்த நாளைக்கூட அவன் ஒழுங்காகத் தேதி போட்டு எழுதச் சொல்லமாட்டான். திருநாள் கணக்குத்தான். சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள், இராயப்பர் சின்னப்பர் திருநாள் அன்று, இப்படி. அதிலும் ஜனவரியில் வருகிற வனத்து அந்தோணியார் திருநாள் என்றால் அவனுக்குத் தனிக் கவனம். அர்ச்சியசிஷ்டவர் என்று நாங்கள் சொல்லும் அந்தப் புனிதர் படத்தில் காலடியில் ஒரு பன்றி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைக் கொட்டகையிலேயே மாட்டியிருந்தான். அந்தத் திருநாளை ஒட்டிப் பிறக்கிற ஈத்துக் குட்டிகள்தான் வருஷா வருஷம் எடையில் முதலாவதாக வந்தன. "பாத்தியா பாப்பா, ஆசீர்வாதம்!" என்பான். நானும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டை எழுதிய கை என்னுடையது என்பதை மறைக்கவில்லை.

தீனி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மயிலாப்பூர், தி.நகர் கல்யாண மண்டபங்களிலிருந்து. எங்களிடம் ஒரு மாட்டு வண்டிக்காரர் இருந்தார், ஊரூர் குப்பத்து மனுஷர், வாய் அதிகம், மனசு தங்கம். வண்டியில் நாலு பீப்பாய். பந்தி முடிந்ததும் மிச்சச் சோறு, சாம்பார், உடைந்த அப்பளம், பாயசம், உதிர்ந்த லட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய் மத்தியானத்துக்குள் பாலவாக்கம் வந்துவிடுவார். மயிலாப்பூரில் ஒரு சமையல் மாமா பீப்பாயில் பாயசத்தைக் கொட்டும்போதெல்லாம், "பசுவுக்குத்தானேப்பா? உங்க ஆத்துல எத்தனை பசு? கொண்டு போ, புண்ணியம்" என்பாராம். வண்டிக்காரரும் முகம் மாறாமல், "ஆமா சாமி, நல்லா வெள்ளையா கீது சாமி" என்று சொல்லிவிட்டு வருவார். எங்கள் பன்றிகள் தின்ற நெய்யை நாங்கள் தின்றதில்லை.

நாலாவது வருஷம் கால் ஆரம்பித்தது. அந்தோணியார் திருநாளுக்குப் பிறந்து, எடையில் முதலாவது வந்து, இனத்துக்கு வைத்த ஒரு பெட்டை. உடம்பு உரல் மாதிரி. பின்னங்கால் இரண்டும் மடங்காமல் கம்பு நட்டதுபோல் நேராக நிற்கும். எழுந்திருக்க முக்கும், நாலு எட்டு வைக்கும், பின்பக்கம் ஆடும். அது முதல் ஈத்து போட்டு இரண்டாம் நாள். நான் நோட்டோடு நின்றுகொண்டிருக்கிறேன். மற்ற தாய்கள் முன்னங்காலை மடித்து மெள்ளச் சரிந்துதான் படுக்கும். இது பின்னங்கால் தாங்காமல் தொப்பென்று விழுந்தது. அடியில் மூன்று குட்டி. கத்தக்கூட இல்லை. சேசு மரி சூசையே! நான் போட்ட கூச்சலில் வண்டிக்காரர் ஓடிவந்து தாயைப் புரட்டினார். ஒன்றும் பிழைக்கவில்லை.

அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, எடையைப் பாக்குற, சரி. காலையும் பாரு. கால் சரியில்லாததை வைக்காதே. எடையா எழுந்து நடக்கப்போகுது?"

"தரை வழுக்குது. மணல் போட்டுடலாம்."

"மணல் போட்டா எலும்பு வளைஞ்சிடுமா? இதோட அப்பனும் இப்படித்தான் நின்னுச்சு, நீயே பாத்தே."

"எல்லாம் இருக்குற மிருகத்தை, கால் ஒண்ணுக்காக ஒதுக்கச் சொல்றியா?" என்றான். முகம் ஒருமாதிரி இருந்தது. பேச்சை முடித்துவிட்டு விந்தி விந்திக் கிணற்றுப் பக்கம் போய்விட்டான்.

நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? பிடிவாதம் என்று நினைத்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி என்று நினைத்தேன். அதை அவன் முதுகுக்குக் கேட்கிற மாதிரி சொல்லவும் சொன்னேன். இத்தனைக்கும் நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், ஒரு பிள்ளை ஏன் அழுகிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள். சொந்த அண்ணன் விஷயத்தில் எனக்குக் கண் அவிந்து போயிருந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமை என்றாலே சண்டைதான். நான் காலைச் சொல்வேன், அவன் நோட்டைக் காட்டுவான். ஆண் பன்றியின் வேலைக்கே பின்னங்கால்தானே வேண்டும்? இதை ஒரு கல்யாணமான டீச்சர் கூடப்பிறந்தவனிடம் எப்படி விளக்குவது? அதையும் விளக்கினேன், வெட்கத்தை விட்டு. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றான். என் வீட்டுக்காரர், "உனக்கு ஏன் இந்த வேலை? வீட்டில் இரு" என்றார். எப்படி இருப்பது? சனிக்கிழமை வந்தால் கால் தானாகத் திருவான்மியூர் பஸ்ஸில் ஏறுகிறது.

எழுபதுகளின் நடுவில் ஒரு செய்தி வந்தது. சர்க்கார் பண்ணையிலிருந்து மாட்டு டாக்டர் வருகிறார். தனியார் வளர்ப்பவர்களிடம் நல்ல ஆண் பன்றி இருந்தால் எடுத்துக்கொண்டு, கிராமங்களுக்கு இனவிருத்திக்கு விடப்போகிறார்கள். ஒரு பண்ணைக்கு ஒன்றுதான். அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. "பாப்பா, நம்ம பன்னியோட குட்டிங்க செங்கல்பட்டு ஜில்லா பூரா ஓடும்" என்றான். நான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அப்புறம்னு ஏதாவது ஒண்ணு நிக்கணும்ல" என்றான். அதைக் கேட்டபிறகு அன்றைக்கு மட்டும் சண்டை போடவில்லை.

காட்டுவதற்கு இரண்டு இருந்தன. பெரியவன் என்று நாங்கள் கூப்பிட்டது வனத்து அந்தோணியார் திருநாள் அன்றே பிறந்தது. அதுவரைக்கும் அந்த நோட்டில் ஏறிய எடைகளில் அதுதான் உச்சம். பின்னங்கால் அதன் அப்பன் கால், அதன் தாத்தன் கால். சின்னவன் அதே வருஷம் ஜூன் கடைசியில், இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்குப் பிறந்தது. முதல் முதலில் வாங்கி வந்த மூன்று பெட்டைகளில் மிஞ்சியிருந்த கிழவியின் மகன். ஆறாம் மாத எடையில் ரொம்பப் பின்னாடி. ஆனால் கால் நாலும் நாலு தூண். மணலில் ஓடினால் நாய் துரத்தினாலும் பிடிக்க முடியாது. அதைக் காயடிக்காமல் விட்டு வைத்ததே நான் குறுக்கே நின்று கத்தியதால்தான்.

"பெரியவனைத்தான் காட்டப்போறேன்" என்றான் அண்ணன். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வண்டிக்காரர் பீப்பாயை இறக்கிக்கொண்டே சொன்னார். "இன்னா டீச்சரம்மா, சாரு பெரியவன் பெரியவன்னு ஆடிக்கினு கீறாரு? அது துன்னது இன்னா, சின்னவன் துன்னது இன்னா? அதுக்கு நான் சித்திரை வைகாசில பாயசமா கொண்டாந்து கொட்னேன். சின்னவனுக்கு இன்னா கெட்ச்சுது? பொரட்டாசி, அப்பால மழ, அப்பால மார்கழி. கல்யாணம் கீதா அப்போ? வெறும் தவுடும் கெயங்கும். சாரு பன்னிய எட போடல டீச்சரம்மா, முகூர்த்தத்த எட போட்டுக்கினு கீறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் மயிலாப்பூர் மாட வீதியில் இறங்கி, முகூர்த்த நாள் போட்ட தினசரி காலண்டர் ஒன்று வாங்கினேன். கழுத்தில் ஜெபமாலையோடு முகூர்த்த நாள் கேட்கிற என்னைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். ராத்திரிச் சோறு பொங்காமல் நோட்டையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் பிறந்தது பால் மறந்து தீனிக்கு வரும்போது பங்குனி முடிந்து கல்யாண காலம் தொடங்கும். ஆறாம் மாதம் எடை போடும்போது ஆனி. அதாவது ஒரு முகூர்த்தம் விடாமல் தின்றுவிட்டுத் தராசில் ஏறியிருக்கிறது. ஜூனில் பிறந்தது கல்யாணமே இல்லாத நாளும் வண்டி மணலில் புதைகிற மழையுமாக வளர்ந்து, மார்கழி நடுவில் ஏறியிருக்கிறது. ஏழு வருஷமும் இதே கதை. தமிழ் மாதம் போட்டு எழுதியிருந்தால் முதல் வருஷமே எங்கள் தலைக்கு ஏறியிருக்கும். நாங்கள்தான் திருநாள் கணக்கு எழுதி அந்தோணியாரைப் புகழ்ந்துகொண்டிருந்தோமே! ஆசீர்வாதமாம் ஆசீர்வாதம். யாரோ வீட்டுக் கல்யாணப் பாயசம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "எடை ரத்தத்துல வந்ததுன்னு நினைச்சே. அது தீனியில வந்தது. கால் கோளாறு தரையால வந்ததுன்னு நினைச்சே. அதுதான் ரத்தத்துல வருது. எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கோம் அண்ணே. சின்னவனைக் காட்டு." காலண்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காது சிவந்தது. அவன் மக்கு இல்லை, புரிந்துவிட்டது. புரிந்தும், "சரி, எடை தீனின்னே வச்சுக்க. அதுக்காக இவனை மூலையில தள்ளிடணுமா?" என்று கேட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கும் எனக்கும் இனிமேல் பேச்சில்லை என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர் வந்தது ஈஸ்டர் கழிந்த ஒரு சனிக்கிழமை. பேச்சில்லை என்று சொன்ன வாய்தானே, காலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான். பெரியவனைச் சிவப்பு சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் காயத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தானும் புதுச் சட்டை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா பாப்பா, நோட்டை எடு" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

டாக்டர் சின்ன வயசுக்காரர், ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வேர்த்துக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, இவ்வளவு வருஷம் எழுதியிருக்கீங்களே" என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. பெரியவனைச் சுற்றி வந்தார், முதுகைத் தட்டினார், நீளம் பார்த்தார். நல்ல உடம்பு என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் டாக்டர் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னார்:

"நடக்க விடுங்க, பார்ப்போம்."

வண்டிக்காரர் கொட்டகைக் கதவைத் திறந்தார். பெரியவன் வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பின்பக்கம் இடமும் வலமும் ஆடியது. குளம்பு தரையில் இழுபட்டது. ஏழெட்டு எட்டு வைத்திருக்கும். நின்றது. பின்னங்கால் நடுங்கி, நாய் உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்துகொண்டது. முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது, முடியவில்லை.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ம்ஹூம். இது ஆகாதுங்க."

நாலு வருஷக் கோபம் எனக்கு. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்கவில்லை. "சொன்னேனே, கேட்டியா? நொண்டியை வச்சு வம்சம் வளர்க்கப் பாத்தா இப்படித்தான் சபையில மானம் போகும்!" என்று கத்தினேன்.

கத்திய வாய் மூடுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். ராயப்பேட்டை வீட்டில் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அவனுக்காக எதிரே நின்று கத்தியவள் நான். இன்றைக்கு அந்தப் பெரியப்பா சொல்லத் தயங்கிய வார்த்தையை நடுமுற்றத்தில் போட்டு உடைத்தவளும் நான்தான். நாலு வருஷமாக அவன் எதை ஒதுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

அவன் போய்ப் பெரியவன் பக்கத்தில் சிரமப்பட்டுக் குனிந்து, அதன் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, வண்டிக்காரரோடு சேர்ந்து தூக்கி நிறுத்திக் கொட்டகைக்குள் விட்டான். பிறகு அடுத்த கதவைத் தானே திறந்தான். சின்னவன் துள்ளிக்கொண்டு வந்தது. அண்ணன் அதன் கூடவே நடந்தான், முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும், திரும்பி இந்தக் கோடி வரைக்கும். அது நேராக, இவன் தாழ்ந்து தாழ்ந்து. டாக்டர் பன்றியின் காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் சார் மறைச்சு வச்சீங்க? பிரமாதமா நடக்குதே."

"எடை குறைச்சல் சார். ஆனா அது தீனிக் குறைச்சல். இது வளர்ந்த மாசத்துல எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு இல்லை" என்றான் அண்ணன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் காலண்டரைக் காட்டி விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். எடை மட்டும் பார்த்தால் காலில் விட்டுவிடுவீர்கள், காலை மட்டும் பார்த்தால் எடையில் விட்டுவிடுவீர்கள், இரண்டையும் ஒன்றாகத்தான் பிடித்துக்கொண்டு போகவேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே தீனி போட்டுப் பிறகு எடை பாருங்கள் என்றார். சின்னவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஜீப்பின் முன்பக்கத்தில் பேப்பரை வைத்து எழுத ஆரம்பித்தார்.

அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"சார், ஒரு சந்தேகம். பெரியவன் கால் அதோட குட்டிக்கும் வருமா?"

"அப்பனுக்கு இருந்துச்சுன்னு சொல்றீங்க, தாத்தனுக்கும் இருந்துச்சு. அப்ப வரும் சார். அதனாலதான் வேணாங்கிறேன்."

"சரி. இப்ப, சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்து, அதுல ஒரு கால் சூம்பிப் போச்சுன்னு வச்சுக்குங்க. அது வருமா?"

டாக்டர் நிமிரக்கூட இல்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. "அது எப்படி சார் வரும்? காய்ச்சல் வந்தது அதுக்கு. பொறக்குற குட்டிக்கு என்ன? அது பாட்டுக்கு நல்லா நடக்கும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. இதுல என்ன சார் சந்தேகம்?"

அண்ணன் தலையை ஆட்டினான். நாற்பத்திரண்டு வயது அவனுக்கு. காதோரம் நரைத்துவிட்டது. ராயப்பேட்டைப் பெண்ணுக்கு அதற்குள் பையன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தோம். வண்டி மாடா, மாப்பிள்ளையா என்று கத்தத் தெரிந்த எனக்கு, வராது என்கிற இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியவில்லை. போய் ஒரு டாக்டரைக் கேட்டுக்கொண்டு வரவும் தோன்றவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்டால் வரும் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஜீப் போனபிறகு அவன் கொட்டகைப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உள்ளே போன மணலைத் தட்டினான். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிச்சுடு அண்ணே என்று சொல்லப் போனேன், அழுகைதான் வந்தது.

"வராதாம் பாப்பா" என்றான்.